கோடு பொய் சொல்லுமுங்களா?

ஷர்மிளாவுக்கு முட்டை தொண்டையில் இறங்காமல் போய் நான்கு மாதம் ஆகிறது. தட்டில் ஆம்லெட்டைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு வரும். வீட்டுக்காரர் முதலில் அல்சர் என்றார். அப்புறம், நாற்பத்துமூன்று வயதில் பெண்களுக்கு இப்படித்தான் இருக்குமாம் என்று எங்கேயோ படித்ததைச் சொன்னார். அவளும் இருக்கும் இருக்கும் என்று தலையாட்டி வைத்தாள். உண்மைக் காரணத்தைச் சொல்வதென்றால் கோழிகளில் இருந்து தொடங்க வேண்டும். அதற்கு அவளுக்குத் தைரியம் இல்லை.

நாம் தொடங்கலாம், நமக்கென்ன.

மண் நிறச் சட்டம் வந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. களைக்கொல்லி மிச்சம் இருக்கிற நிலத்தில் விளைந்த எதையும் எந்த நாடும் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்ட பிறகு, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் கொடுத்தார்கள். பச்சை என்றால் பயிர் வைக்கலாம். சிவப்பு என்றால் மூன்று வருஷம் நிலம் சும்மா கிடக்க வேண்டும். வாய்க்கால் மடையே தானாகப் பூட்டிக்கொள்ளும், சிவப்பு மாறும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. இத்தனையையும் முடிவு செய்வது விரல் நீளமுள்ள ஓர் அட்டைக் கீற்று. ஒரு ஸ்பூன் மண்ணைத் தண்ணீரில் கலக்கி, தெளிந்ததும் கீற்றை நனைத்தால் ஏழு நிமிஷத்தில் ஒரு கோடு வரும். கோடு சிவந்தால் கதை முடிந்தது. பெரிய மெஷினில் வைத்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்தான், ஆனால் அதற்குப் பதினான்கு மாதம் வரிசையில் நிற்க வேண்டும்.

அந்தக் கீற்றின் உயிர் கோழி முட்டையில் இருந்தது. ஷர்மிளா வேலை பார்த்த கோவை ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம் நூற்றுப்பத்துக் கோழிகள் இருந்தன. அந்தக் களைக்கொல்லியைக் கண்டால் கப்பென்று பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதத்தை அவற்றின் முட்டைகளில் இருந்துதான் எடுத்தார்கள். அந்த வருஷக் கத்திரி வெயிலில், ஒரு மத்தியானம் குளிரூட்டி நின்றுபோய், அத்தனை கோழியும் செத்துப்போயின. அவசர அவசரமாகப் புதுக் கோழிகள் வந்தன. அவற்றின் முட்டையில் இருந்து உருவானது முப்பத்தோராவது தொகுதி. தரம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் ஷர்மிளா.

கீற்று ஆள் மாறி வேறு எதையாவது பிடிக்கிறதா என்று பார்க்கப் பன்னிரண்டு பொருள்கள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. எல்லாம் சீல் வைத்த பாட்டிலில் வருகிறவை. பன்னிரண்டிலும் கோடு சிவக்கவில்லை. சரி என்று வீட்டுக்கு வந்தவள், ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடித் தக்காளித் தொட்டியில், பையில் கிடந்த ஒரு கீற்றைச் சும்மா நனைத்துப் பார்த்தாள். சிவந்தது. அந்தத் தொட்டிக்கு அவள் ஒரு மருந்தும் அடித்ததில்லை. முந்தின நாள் தேமோர்க் கரைசல் ஊற்றியிருந்தாள், அவ்வளவுதான். தேங்காய்ப் பாலையும் மோரையும் கலந்து ஒரு வாரம் புளிக்க வைத்தது, பூப்பிடிக்க ஊற்றுவார்களே அது.

கொஞ்ச நேரம் கீற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த வீட்டுக்காரர் கொசுவுக்கு எதையோ அடித்திருப்பார், காற்றில் வந்திருக்கும் என்று முடிவு கட்டினாள். திங்கட்கிழமை வாசலில் லாரி நின்றது. மூன்று மாவட்டத்தில் கீற்று இல்லாமல் சோதனை நின்று கிடந்தது. கையெழுத்துப் போட்டாள். எந்தப் பாவமும் அறியாத அடுத்த வீட்டுக்காரர் மேல் பழியைப் போடுவது அன்றைக்கு அவளுக்கு வெகு சுலபமாக இருந்தது.

மூன்றாவது வாரம் அந்த போன் வந்தது. உதவி எண்ணுக்கு வரும் அழைப்பை வழக்கமாக வேறொரு பெண் எடுப்பாள். அன்றைக்கு அவள் விடுப்பு.

“கோபிப் பக்கம் வேப்பங்காட்டுப்புதூர்ல இருந்து கோகிலாமணி பேசறனுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும் அம்முணி. அந்தக் கோடு பொய் சொல்லுமுங்களா?”

“ஏம்மா கேக்கறீங்க?”

“எங்க காட்டுல செவப்பு வந்துருச்சுங்க. எங்கூட்டுக்காரரு நாந்தான் மருந்தடிச்சேன்னு ஒப்புக்கிட்டாருங்க. எனக்கென்னமோ மனசு ஒப்பலை. கோடு தப்பாக்கூடக் காட்டும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும், அவரு அடிக்கலைன்னு நான் நம்பிக்குவேன்.”

ஷர்மிளாவின் கண் முன்னால் தக்காளித் தொட்டி வந்தது. எதிர் மேசையில் இயக்குநர் இன்பராஜ் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார்.

“சொல்லாதும்மா,” என்றாள்.

“சரிங்க,” என்றது அந்தக் குரல். போன் வைக்கப்பட்டது. ஷர்மிளாவுக்கு முட்டை பிடிக்காமல் போனது அந்த வாரத்தில்தான்.

அப்புறம் அவள் அந்த ஊர்க் கோப்பைத் தேடி எடுத்துப் படித்தாள். படிக்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்தாள். வேப்பங்காட்டுப்புதூரில் நாற்பது குடும்பம் சேர்ந்து ஒரே குழுவாகச் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். ஒரு நிலம் சிவந்து அந்த உரிமையாளர் தவறை ஒப்புக்கொண்டால் தண்டனை அந்த நிலத்தோடு போகும். மறுத்தால் குழுவே மூடி மறைக்கிறது என்று வைத்து நாற்பது வீட்டு நிலமும் சிவப்பாகும். சட்டம் எழுதியவர் கெட்டிக்காரர்தான், ஊரையே போலீஸாக ஆக்கிவிட்டார்.

சிவந்தது தண்டபாணியின் மஞ்சள் காடு. அவரும் மனைவி கோகிலாமணியும் மாகாளியம்மன் கோயிலில் ஊர் பார்க்க எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து, நாங்கள் அடிக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஊர் நம்பியது. இரண்டாம் நாள் மறுபடி கீற்றை நனைத்தார்கள், மறுபடி சிவந்தது. நாற்பது வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. மூன்றாம் நாள் தண்டபாணி வந்து, நான்தான் அடித்தேன், என் வீட்டுக்காரிக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார். முப்பத்தொன்பது நிலம் தப்பித்தது. அம்மன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

கோப்போடு மிச்சம் இருந்த மண் பொட்டலத்தை ஷர்மிளா யாருக்கும் சொல்லாமல் பல்கலைக்கழகத்துப் பெரிய மெஷினுக்கு அனுப்பினாள். அங்கே இருந்த தோழி வரிசையைத் தாண்டிப் பார்த்துக் கொடுத்தாள். களைக்கொல்லி இல்லை, கொஞ்சம்கூட இல்லை. அந்தத் தாளை இன்பராஜிடம் நீட்டினாள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. தாளை இரண்டு தடவை படித்தார். “முப்பத்திரண்டாவது தொகுதி வந்தாச்சு. அதுல இந்தத் தொல்லை இல்ல. நீங்க பழசைக் கிளறினா எல்லாக் கீற்றையும் சந்தேகப்படுவாங்க, ஆய்வுக்கூடத்தையே மூடுவாங்க. அப்புறம் நெஜமாவே மருந்தடிக்கிறவனை யாரு பிடிக்கிறது, சொல்லுங்க.”

அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததில் ஒரு நிம்மதியும் இருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. தாள் கைப்பையில் இரண்டு மாதம் கிடந்தது.

ஒரு புதன்கிழமை, நில வரைபடத்தில் அந்த சர்வே எண் சிவப்பில் இருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. உரிமையாளர் நிலத்தை அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட விண்ணப்பித்திருக்கிறார், வெள்ளிக்கிழமை பதிவு என்று கீழே போட்டிருந்தது. வியாழக்கிழமை காலையில் ஷர்மிளா லீவு சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

வேப்பங்காட்டுப்புதூர் முக்கில் டீக்கடை இருந்தது. தண்டபாணி வீடு எது என்று கேட்டாள்.

“யாரு, பொய்ச் சத்தியம் தண்டபாணிங்களா?” என்றார் டீ ஆற்றியவர். “நேராப் போயி வாய்க்கால் தாண்டிப் போங்க. போறது போறீங்க, அவங்கூட்டுச் சோத்துல கை மட்டும் நனைச்சுப்போடாதீங்க.”

வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. எல்லாக் காட்டு மடையும் திறந்திருந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்குப் பின்னால் மஞ்சள் இலையெல்லாம் சுருண்டு காய்ந்து நின்றது. ஷர்மிளா காரை நிறுத்தாமல் கடந்தாள், நிறுத்திப் பார்க்க மனசு வரவில்லை.

வாசலுக்கு வந்த கோகிலாமணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கோவை மண் ஆய்வுக்கூடத்தில் இருந்து வருகிறேன் என்றதும் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. “வாங்க வாங்க, மொதல்ல உள்ள வந்து சாப்புடுங்க,” என்றாள். வெளியே கட்டுத்தறியில் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த ஒல்லியான மனிதரைக் கையால் காட்டினாள். “அவரையும் கைகழுவிட்டு வரச் சொல்லுங்க அம்முணி.”

அவர் பத்தடி தூரத்தில்தான் இருந்தார். ஷர்மிளா ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள்.

“வாரன்னு சொல்லுங்க,” என்றார் தண்டபாணி.

இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

“வேண்டாம்மா, நான் ஒரு விஷயம் சொல்ல வந்தேன்...”

“சாப்புட்டுப்போட்டுச் சொல்லுங்க. நாலு மாசமா ஒரு ஆளு எங்கூட்ல கை நனைக்கலீங்க. எம் பொறந்தவனே வந்தான், திருநீறு மட்டும் பூசிட்டுப் போயிட்டான்.”

தட்டில் சோறு விழுந்தது. அதன் மேல் குழம்பு, குழம்பில் இரண்டு நாட்டுக்கோழி முட்டை. ஷர்மிளாவின் கை முட்டையை ஓரமாகத் தள்ளப் பார்த்தது. ஆனால் ஒதுக்கி வைத்தால் அந்த அம்மாள் அதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்று தெரியும். பிட்டுப் பிட்டு விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. காரமுங்களா என்று கேட்டு கோகிலாமணி தயிர் ஊற்றினாள்.

கைகழுவி வந்த பிறகு ஷர்மிளா தாளை எடுத்து நடுவில் வைத்தாள். “உங்க மண்ணுல களைக்கொல்லி இல்ல. ஒரு துளிகூட இல்ல. எங்க கீற்றுதான் தப்பு.”

இருவரும் தாளைத் தொடவில்லை.

“எப்படிங்க தப்பாகும்?” என்றார் தண்டபாணி.

“கோழிக்கு அந்த மருந்தை ரொம்பக் கொஞ்சமா ஊசி போடுவோம். அதோட உடம்பு, இவன் எதிரின்னு அடையாளம் பிடிச்சு வச்சுக்கும். அந்த அடையாளம் முட்டைக்கு இறங்கும். அதை எடுத்துத்தான் கீற்றுல தடவறோம். இந்தத் தடவை புதுக் கோழிங்க. அடையாளத்தை அரைகுறையாப் பிடிச்சிருக்கு. அந்தக் களைக்கொல்லி செடியை எப்படிக் கொல்லுதுன்னா, செடிக்குள்ள இருக்கிற வளர்ச்சிச் சத்து மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு உள்ள போயி, கண்டபடி வளர வச்சுச் சாகடிக்கும். நீங்கெல்லாம் பயிருக்கு ஊத்தற தேமோர்க் கரைசல்ல நெஜமான வளர்ச்சிச் சத்தே இருக்கு. கீற்று அதைப் பாத்து இவன்தான்னு பிடிச்சிடுச்சு.”

“வேசம் போட்டவனப் புடிக்கச் சொன்னா, வேசத்துக்குச் சொந்தக்காரனப் புடிச்சுப்போட்டுதுங்களா?” என்றாள் கோகிலாமணி.

“ஆமா.”

“இது உங்களுக்கு எப்ப இருந்து தெரியுமுங்க?”

ஷர்மிளா காரில் வரும்போது இந்தக் கேள்விக்கு மூன்று பதில் தயார் செய்து வைத்திருந்தாள். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பொய். “கீற்று வெளியில போறதுக்கு முன்னாடியே ஒரு சந்தேகம் இருந்துச்சு. இந்தத் தாள் வந்து ரெண்டு மாசமாச்சு.”

கோகிலாமணி அவள் முகத்தையே பார்த்தாள். “அன்னிக்குப் போன்ல பேசுனது நீங்கதானுங்களா?”

“நான்தான்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் கோகிலாமணி புருஷன் பக்கம் திரும்பிவிட்டாள். முகம் மலர்ந்திருந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு நேருக்கு நேர் அவரிடம் பேசினாள்.

“ஏனுங்க, அப்ப நீங்க அடிக்கவே இல்லீங்களா?”

“இல்ல.”

“பொறவு ஏன் அடிச்சேன்னு எழுதிக் குடுத்தீங்க? சாமி முன்னாடி பண்ணின சத்தியத்தப் பொய்யாக்கிப்போட்டு?”

“ஊருக்காகத்தான். நாப்பது ஊடு கெடுமில்ல.”

“ஊருக்குன்னா எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க? நான் உங்கள என்னவெல்லாம் நெனச்சுப்போட்டேன்.”

தண்டபாணி துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பக்கத்தில் இருந்த ஷர்மிளாவுக்கே தெரிந்தது, அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறதென்று. கோகிலாமணிக்குத் தெரியாமல் இருக்குமா.

“சொல்லுங்க,” என்றாள்.

“ஈரோட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தேனல்ல. வந்தன்னிக்கு ஸ்பிரேயர் நனைஞ்சு கெடந்துச்சு,” என்றார் மெதுவாக. “அதுக்கு முந்தின வாரந்தான் நீ களையெடுக்க ஆளே சிக்கலை, இடுப்பு ஒடியுதுன்னு அழுதே. பேசாம மருந்தடிச்சுப்போட்டா என்னன்னுகூடக் கேட்டே. செவப்பு வந்ததும் எனக்கு அதுதான் நெனப்பு வந்துச்சு. உன்னைய ஊரு பொய்ச் சத்தியக்காரின்னு சொல்றத நான் கேக்கோணுமா? அதான் எம் மேல போட்டுக்கிட்டேன்.”

வெளியே மாடு கழுத்தை ஆட்டும் மணிச் சத்தம் கேட்டது.

“அது தேமோருங்க,” என்றாள் கோகிலாமணி. “நீங்க வாரதுக்குள்ள அடிச்சு வெச்சா மஞ்ச நல்லாப் புடிக்கும், பாத்துச் சந்தோசப்படுவீங்கன்னு ரெண்டு மடங்கா அடிச்சு வெச்சேன்.”

அவர் நிமிரவில்லை.

“உங்க பக்கத்துலதான நின்னேன். ரெண்டு பேரும் ஒரே கற்பூரத்துலதான கை வெச்சோம். என்னைய நீங்க நம்பலீங்களா?”

“நீ மட்டும் என்னைய நம்புனியா?” என்றார் தண்டபாணி. கோபமாகச் சொல்லவில்லை. “நாலு மாசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான இருந்தே.”

“நான் நம்பலைன்னு யாரு சொன்னா? கேட்டேன். போன் போட்டுக் கேட்டேன். கோடு பொய் சொல்லுமான்னு கேட்டேன்.” கையை நீட்டி ஷர்மிளாவைக் காட்டினாள். “சொல்லாதுன்னு சொன்னாங்க.”

இருவரும் ஷர்மிளாவைப் பார்த்தார்கள். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். அந்த வார்த்தையை அங்கே வைக்க இடமே இருக்கவில்லை. நாளைக்குப் பதிவுக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். நிலத்துக்கு நிறம் கொடுக்கிற ஆணையத்துக்கு இன்றைக்கே அறிக்கை கொடுக்கிறேன், மடை திறந்துவிடும், ஊருக்கும் கடிதம் வரும், உங்கள் பெயர் சுத்தமாகிவிடும் என்றாள். தண்டபாணி எழுந்து தாளை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டு மாட்டுப் பக்கம் போய்விட்டார்.

கார் வரைக்கும் கோகிலாமணி கூட வந்தாள். கதவில் கை வைத்தபடி நின்றாள்.

“அறிக்கையில எல்லாத்தையும் எழுதுவீங்களா அம்முணி?”

“எல்லாத்தையும் எழுதுவேம்மா. என் கையெழுத்து, நான் மறைச்சது, போன்ல சொன்னது, ஒண்ணையும் விடமாட்டேன்.”

“உங்களுது எழுதிக்குங்க. அவரு ஏன் ஒப்புக்கிட்டாருன்னும் கேப்பாங்கல்ல?”

“கேப்பாங்க. அதுக்குன்னே ஒரு கட்டம் இருக்கு.”

“அதுல ஊருக்காகத்தான்னு எழுதிப்போடுங்க. என்னைய நெனச்சுன்னு எழுதாதீங்க. கட்டுன புருசனே எஞ் சத்தியத்த நம்பலைன்னு இந்த ஊர்ல யாருக்கும் தெரியக்கூடாது.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “பொய்யில்லீங்களே. ஊருக்காகவும்தான சொன்னாரு.”

அன்று மாலையே ஷர்மிளா அறிக்கையை அனுப்பினாள். முதல் எட்டுக் கட்டங்களில் தன்னைப் பற்றி ஒரு சொல்கூட மிச்சம் வைக்காமல் எழுதினாள். இனிப் பொய்யே எழுதுவதில்லை என்று காலையில் காரில் ஏறும்போது சபதம் எடுத்திருந்தாள். ஒன்பதாவது கட்டத்தில் நெடுநேரம் நின்றாள். ஒப்புதல் அளித்தவர் தவறாக ஒப்புக்கொண்டதன் காரணம் என்று கேட்டிருந்தது. ஊர் நலன் கருதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுவாரம் அவளை வேலையில் இருந்து நிறுத்தி வைத்தார்கள். இன்பராஜ் பயந்தபடி ஆய்வுக்கூடத்தையும் பூட்டினார்கள். முப்பத்தோராவது தொகுதியால் சிவந்த நிலங்களை ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினார்கள். ஷர்மிளா வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தில் அவை பச்சையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க, இவற்றில் எத்தனை வீட்டில் யார் யாரைச் சந்தேகப்பட்டார்களோ என்றுதான் தோன்றியது.

ஒரு மாதம் கழித்துக் கோகிலாமணியிடம் இருந்து போன் வந்தது.

“மடை தொறந்துருச்சுங்க அம்முணி. ஊரே கோயில்ல வெச்சு அவருக்கு மாலை போட்டுச்சு. நம்மளுக்காகப் பழி சொமந்த மனுசன்னு பேசிக்கறாங்க. நேத்து நூறு பேரு வந்து எங்கூட்ல சாப்புட்டுப் போனாங்க.”

“ரொம்ப சந்தோஷம்மா,” என்றாள் ஷர்மிளா. அதோடு வைத்திருக்கலாம். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறீங்களா?”



“பேசிக்கறமுங்க,” என்றாள் கோகிலாமணி. “ஆளுங்க இருக்கறப்போ.”